குற்றியோ மீனோ: மீன்காட்டியும் அளவை நூலும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இம்மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைவதாயின், பழம்பாடலொன்றின் நயத்தையோ இலக்கண வழக்கொன்றின் முடிபையோ வாசகர் எதிர்பார்த்தல் இயல்பு. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள், முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் சிலர் தம் படகுகளிற் பூட்டியிருக்கும் மீன்காட்டி என்னும் சிறு யந்திரம். கேட்டுச் சிரிப்பாரும் உளராகலாம். அந்த யந்திரத்தின் திரையிலே தோன்றும் கோடுகளுக்கும் கறைகளுக்கும் பொருள் கொள்ளும் முறை, நம் முன்னோர் அளவை நூலிலே வகுத்துவைத்த முறைதான் என்பதைச் சற்றுப் பொறுத்துப் படிப்பார் கண்டுகொள்வர். தமிழாசிரியர்க்கு இதிலே தலையிட உரிமை உண்டா என்று வினவுவார்க்கு, நம் தொழிலும் குறிகளைப் படித்துப் பொருள் துணிவதே என்பது விடை.

அளவை என்பது பொருளை உள்ளவாறு அறிதற்குரிய கருவி. சிவஞான சித்தியாரை அருளிய அருணந்தி சிவாசாரியார், நூலின் வாயிலிலேயே அளவையின் இலக்கணத்தை வைத்தார். அளவைகளைப் பத்தென விரிப்பாரும் உளர். அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். மலையிலே புகையைக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாத நெருப்பு ஆண்டு உண்டெனத் துணிவது கருதல். இங்கே மலை பக்கம், புகை ஏது, புகையும் நெருப்பும் ஒருங்கிருக்கக் கண்ட அடுக்களை எடுத்துக்காட்டு. நம்பத்தக்கார் சொல்லால் அறிவது உரை.

இனி, காண்டலிலும் குற்றம் புகும். மாலை மங்கலிலே சேய்மைக்கண் நிற்பது குற்றியோ மகனோ என மனம் இருபாலும் ஊசலாடுவது ஐயம். குற்றி என்பது மரக்கட்டை. அக்கட்டையையே மகன் என்று முடித்துக்கொள்வது திரிவு. இரண்டனுள் திரிவே கொடியது. ஐயமுற்றவன் மேலும் ஆராய்வான், திரிபுற்றவன் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவான். கருதலிலும் போலிகள் உண்டு. மலைமேல் எழுந்தது புகையன்றிப் பனிமூட்டமாயின், அதனைக் கொண்டு நெருப்பைத் துணிதல் பொருந்தாது. இத்தகைய ஏதுப்போலிகளை மணிமேகலை ஆசிரியரும் விரித்துரைத்தார்.

இவ்வளவில் அளவை நூலை நிறுத்தி யந்திரத்திற்கு வருவோம்.

மீன்காட்டி மீனைக் காட்டுவதன்று. ஒலியின் மீட்சியைக் காட்டுவது. படகின் அடியிலே பொருத்திய ஒரு சிறு வில்லை, மனிதர் செவிக்கு எட்டாத நுண்ணொலியைத் துடிப்புத் துடிப்பாகக் கீழ்நோக்கி விடுகின்றது. நீரினும் வேறான தன்மையுடைய பொருளொன்றிலே பட்டுத் திரும்பும் எதிரொலியை அதே வில்லை வாங்குகின்றது. விட்டதற்கும் வாங்கியதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்து, ஆழமாக மாற்றி, திரையிலே ஒரு புள்ளியை யந்திரம் இடுகின்றது. எதிரொலி வலிதாயின் புள்ளி செறிந்த நிறம். மெலிதாயின் வெளிறிய நிறம். அடுத்த துடிப்பின் புள்ளி அதன் அருகே அமையும். இவ்வாறு தொடுத்த புள்ளிகளே படமாகின்றன. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். 10 பாகம், அஃதாவது 18 மீற்றர் அளவான ஆழத்திலே பட்டுத் திரும்புவதற்கு, ஒரு செக்கனை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 24 கூறு போதும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். திரையின் மேல்கீழ் ஆழம். ஆயின் இடவலம் தூரமன்று, காலம். கரையிலிருந்து வயலைப் பார்ப்பதுபோல அப்படத்தைப் பார்ப்பவர் ஏமாறுவர். படகு நங்கூரமிட்டு நிற்கையில், அதன்கீழ் அசையாது நிற்கும் ஒற்றை மீன் திரையிலே நெடுங்கோடாக நீளும். அதனைக் கண்டவர் மீன்வரிசை என்று களித்தால் அது யந்திரத்தின் பிழையன்று. படகு ஓடுகையிலோ, அதே மீன் வளைந்த வில்லைப்போலத் தோன்றும். ஒலி கூம்பு வடிவாக விரிந்து செல்வதால், மீன் கூம்பின் விளிம்பிலே புகும்போதும் விளிம்பிலே நீங்கும்போதும் படகிலிருந்து சற்றுச் சேய்மையிலும், நடுவே இருக்கும்போது அண்மையிலும் இருத்தலே வளைவுக்குக் காரணம். 20 பாகை விரியும் கூம்பு, 10 மீற்றர் ஆழத்திலே மூன்றரை மீற்றர் அகலமும், 30 மீற்றர் ஆழத்திலே பத்தரை மீற்றர் அகலமும் கொள்ளும். ஆதலின் திரையிலே படகின் நேர்கீழே காணும் மீன், உண்மையில் ஐந்து மீற்றர் பக்கவாட்டில் இருத்தலும் கூடும்.

இக்கருவி தோன்றிய வரலாறு நெடியது. 1826இல் ஜெனீவா ஏரியிலே கொலடோன், ஸ்ரூர்ம் என்னும் இருவர், நீருக்குள் மணியை அடித்து அதேகணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, ஒளி கண்ட நேரத்திற்கும் ஒலி கேட்ட நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டால் நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1435 மீற்றர் எனக் கண்டனர். ரைற்றானிக் கப்பல் 1912 ஏப்பிரலில் பனிப்பாறையில் மோதி ஆழ்ந்தபின், ஒலியின் மீட்சியால் தடைகளை அறியும் முயற்சி விரைந்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் ரிச்சாட்சன் அதற்கு உரிமப் பத்திரம் கோரினார். 1914 ஏப்பிரலில் பெசென்டன் என்பார் வட அத்திலாந்திக்கிலே பனிப்பாறையொன்றின் எதிரொலியைக் கருவியாற் பெற்றுக் காட்டினார். பிரான்சிய அறிஞர் லாஞ்செவின், முதல் உலகப்போர்க் காலத்தில் பளிங்குக்கல்லைத் துடிக்கச் செய்து நுண்ணொலி எழுப்பும் வழியைக் கண்டார். இவர்களுள் எவரும் மீனைத் தேடியவரல்லர். பனிப்பாறை, கடலடித்தளம், பகைவரின் நீர்மூழ்கி என்பவற்றைத் தேடியோர் திரையிலும் தாளிலும் விளங்காத கறைகளைக் கண்டனர். அக்கறைகளுட் சில மீன் என்று பின்னரே தெரிந்தது. 1935இல் நோர்வேயைச் சேர்ந்த ஒஸ்கார் சுண்ட் என்பார், லொபோட்டன் கடலிலே கொட் மீன்திரளின் எதிரொலிப் பதிவை வெளியிட்டார். யப்பானிலே நாகசாக்கி மாகாணத்துப் புருனோ சகோதரர் 1948இல் மீன்காட்டியை விற்பனைக்குரிய கருவியாக்கினர். விளங்காத குறியே கண்டுபிடிப்புக்கு வாயிலாயிற்று என்பது கருதத்தக்கது.

மீன் எதிரொலி தருவது எதனால்? சதையும் நீரும் தன்மையில் மிக வேறுபட்டன அல்ல. ஆதலால் ஒலி சதையிலே பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். பல மீன்களின் வயிற்றகத்தே காற்றுப்பை ஒன்று உண்டு. மீன் நீரிலே மிதந்து நிற்பதற்கு உதவுவது அது. அக்காற்றிலே பட்ட ஒலி வலிதாகத் திரும்பும். காற்றுப்பை உடைய மீனிலிருந்து வரும் எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்பையினின்றே வருவது. எனவே திரையிலே நாம் காண்பது மீனின் உருவமுமன்று, மீனின் உடலுமன்று. பெரும்பாலும் மீனுக்குள் அடைபட்ட ஒரு சிறு காற்று.

இப்பொழுது அளவை நூலின் கண்கொண்டு நோக்குக. திரை நமக்குக் காண்டலன்று. கருதலுக்கு ஏதுவாகிய புகையே. புகையைத் தருவது நெருப்பு மட்டுமாயின் துணிபு எளிது. நீருள் எதிரொலி தருவனவோ பல. காற்று எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் எதிரொலி உண்டு. கட்டை, கல், வலை, சேறு, வெப்பம் மாறும் நீரடுக்கு யாவும் தம்தம் அளவுக்குத் தரும். எதிரொலி உண்டு, ஆதலின் மீன் உண்டு என்பது போலி. இன்ன வடிவும், இன்ன அசைவும், இன்ன வேளையும் உடைய எதிரொலி உண்டு, அத்தகையது மீனுக்கன்றிப் பிறிதொன்றுக்கு இல்லை என்று காட்டினால்தான் கருதல் நிரம்பும்.

பிறிதொன்றுக்கு உரிய குறிகளுட் சிலவற்றை நோக்குவோம். கடினமான தரையுள்ள ஆழம் குறைந்த இடத்திலே, உண்மைத் தரைக்குச் சரியாக இருமடங்கு ஆழத்தில் இன்னொரு தரை தோன்றும். ஒலி தரையிற் பட்டு, மேற்பரப்பிற் பட்டு, மீண்டும் தரையிற் பட்டு வந்ததன் விளைவு அது. அதன்மீது ஒட்டிக் காணும் மீன்கள் மேலேயுள்ள மீன்களின் நிழல். இருமடங்கு என்னும் கணக்கே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலிருந்து கீழ்வரை சமதூரத்திலே விழும் நேர்கோடுகள் இயந்திரத்தின் மின்னதிர்வாலோ, அண்டையிலே ஓடும் வேறொரு படகின் மீன்காட்டியாலோ வருவன. இயந்திரத்தை அணைத்துப் பார்த்தால் ஐயம் அறும். அணைத்தபோது கோடு இல்லை, முடுக்கியபோது உண்டு என்றறிவது அளவை நூலார் கூறும் வெதிரேகமும் அன்னுவயமுமே. கடலிலே அதனைச் செய்பவர் அப்பெயர்களை அறிந்திருக்க வேண்டியதில்லை.

குளத்திலே வேறு குறிகள். வன்னியின் குளங்களில் தொழில் செய்வோர் பெரும்பாலும் வலையையும் தம் அநுபவத்தையுமே நம்புவர். மீன்காட்டி அங்கே அருமை. ஆயினும் இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெருங்குளமொன்றில் அதனை இறக்கிப் பார்ப்பவர் இரண்டினைக் காண்பர். ஒன்று, நீர் பரந்து மூடியபோது பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை. தரையிலிருந்து நிமிர்ந்து, கிளையிடையே கறையாக நிற்கும் அக்காட்சியை மீன்கூட்டமெனக் கொள்வது எளிது. நம் நூலார் சொன்ன குற்றி இங்கே உவமையாயன்றி உண்மையாகவே வந்து நிற்கின்றது! மற்றொன்று, சேற்றிலிருந்து எழும் வாயுக்குமிழி. இலையும் தழையும் அடியிலே அழுகும்போது பிறக்கும் வாயு, குமிழியாக மேலேறுகையில், திரையிலே தரையிலிருந்து மேற்பரப்புவரை சாய்வான மெல்லிய கோடாக எழுதும். காற்று ஆதலின் எதிரொலியும் வலிது. மீனும் மேலேறும், ஆயின் மீன் ஏறும், நிற்கும், இறங்கும், விலகும். குமிழியோ பின்வாங்காமல் ஏறிக்கொண்டே போகும். உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு கோட்டின் போக்கிலே தெரிந்துவிடுகின்றது.

பனிநாடுகளிலே இக்கலை இன்னும் நுட்பமாக வளர்ந்துள்ளது. கனடாவிற் குடியேறிய நம் பழைய மாணவர் பலர் ரொறன்ரோ நகருக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியை அறிவர். மாரியிலே அதன் மேற்பரப்பு உறைந்து கல்லாகும். மனிதர் அதன்மேல் நடந்துசென்று, துளையிட்டு, துளைவழியே தூண்டிலையும் மீன்காட்டியின் வில்லையையும் இறக்கி அமர்ந்திருப்பர். அங்கே வில்லை அசைவதில்லை. ஆதலின் வில்வளைவுகள் இல்லை, எல்லாம் கோடுகளே. தம் தூண்டில் இரையும் ஒரு கோடு. இரையை ஒரு சாண் உயர்த்தினால் அக்கோடு உயரும். மற்றொரு கோடு அதனைத் தொடர்ந்து உயர்ந்தால் அது மீன். அசையாது கிடந்தால் ஐயம் நீங்காது. தாம் ஒரு மாற்றத்தைச் செய்து, மறுமாற்றம் நிகழ்கின்றதா என்று பார்ப்பது எத்துணைச் சிறந்த சோதனை! வெறுமனே பார்த்திருப்பதினும் வினாவிப் பார்ப்பது மேல். அந்நாடுகளின் ஏரிகளில், கொசுவை ஒத்த பூச்சியொன்றின் புழு வாழ்கின்றது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அதன் உடலிலே இரண்டு சோடிக் காற்றுப்பைகள் உண்டு. பகலிலே அடிச்சேற்றிலும் ஆழத்திலும் தங்கி, இரவிலே மேலேறும் அப்புழுக்கூட்டம், திரையிலே ஒரு பெரிய முகிலை விரித்துவிடும். விரல்நுனி அளவுமில்லாத புழு, அதன் காற்றுப்பையால், மீன்கூட்டம்போல் வேடம் பூணுகின்றது.

இதனினும் பெரியது கடலிலே நிகழ்ந்தது. 1942இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்கப்பால் நீர்மூழ்கிகளைத் தேடும் ஆராய்ச்சியிலே, சில நூறு மீற்றர் ஆழத்தில், தரை இல்லாத இடத்திலே தரைபோன்ற ஒரு படலம் எதிரொலி தந்தது. நீரின் தன்மை மாற்றமோ, கருவியின் குற்றமோ என்று பலவாறு எண்ணினர். 1945இல் மாட்டின் ஜோன்சன் என்னும் உயிரியலறிஞர், அப்படலம் அந்திப்பொழுதில் மேலேறுவதையும் வைகறையில் இறங்குவதையும் காட்டினார். நீரடுக்கு சூரியனைக் கண்டு அஞ்சி ஓடுவதில்லை, உயிரே ஓடும். விளக்குமீன்கள், கூனிபோன்ற சிற்றுயிர்கள், கணவாய்கள் முதலியன நாடோறும் செய்யும் பயணமே அது. உலகப் பெருங்கடல்கள் பலவற்றினும் இப்படலம் உண்டென்று பின்னர் அறியப்பட்டது. ஏதுவின் வடிவை மட்டும் நோக்கியோர் மயங்கினர்; அதன் காலத்தையும் சேர்த்து நோக்கியவர் துணிந்தார்.

இக்கதையை நாம் வகுப்பிலே சொன்னதுண்டு. அதைக் கேட்ட மாணவர் ஒருவர் இன்று முல்லைத்தீவிலே தொழில் செய்பவர். சில காலத்தின் முன் சந்தித்தபோது, "ஐயா, பின்னேரத்திலே தரையோடு ஒட்டிக் கிடக்கிற ஒரு கறுத்தப் பட்டை, பொழுதுபட மெல்ல மெல்ல எழும்பி நடுத்தண்ணிக்கு வருகுது. வலை விட்டால் ஒன்றுமில்லை. மெசின் பொய் சொல்லுதா?" என்று வினவினார். "தம்பி, மெசின் ஒலி வந்தது என்றுமட்டும் சொன்னது, மீன் என்று சொன்னவர் யார்?" என்றோம். வலைக்கண்ணினும் சிறியது எதுவாயினும் வலை அதைப் பற்றாது என்பதும் பேச்சிலே வந்தது. அவர் வளையமொன்றிலே மெல்லிய வேட்டித்துணியைக் கட்டிப் பைபோலாக்கி, ஈயக்குண்டு கோத்து, பட்டை தோன்றிய ஆழத்திற்கு இறக்கி இழுத்துப் பார்த்திருக்கின்றார். துணியிலே சிக்கியது ஒருபிடி கூனி. கூழுக்குச் சுவையூட்டும் அதே கூனி! அதன்பின் அவர் பட்டையைப் பிடிக்க வலை விடுவதில்லை. பட்டை மேலெழுந்து அரைமணி, ஒருமணி கழிந்தபின் அதன் ஓரத்திலே தனித்தனி வில்வளைவுகள் தோன்றுகின்றனவா என்று காத்திருப்பார். சில இரவுகளில் பாரை கிடைத்தது. சில இரவுகளில் இல்லை. அவ்வேறுபாட்டுக்கு நிலவும் நீரோட்டமும் எவ்வளவு காரணம் என்பதை ஒரு கொப்பியிலே குறித்துவருவதாகச் சொன்னார். கண்டது மீனன்று, மீனின் சோறு என்று அறிந்தமையே அவர் பெற்ற ஆதாயம்.

ஆதாயம் என்னும் சொல்லை வேண்டுமென்றே வழங்கினோம். வடகடலின் சிறுபடகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியவை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே முறையில் 340 ரூபாவாயிற்று. பொய்க்குறி ஒன்றைத் தொடர்ந்து ஒரு மணிநேரம் ஓடிய படகு, அவ்வீட்டின் மறுநாட் செலவை எரித்துவிட்டுத் திரும்புகின்றது. அளவை நூலில் ஏதுப்போலி என்றால் வாதத்திலே தோல்வி. கடலிலே ஏதுப்போலி என்றால் அடுப்பிலே உலை ஏறாமை.

இன்னொன்றையும் மறைக்காது சொல்லவேண்டும். நீரின் நிறம் கறுத்துத் தோன்றுதல், மேற்பரப்பிலே மழைத்துளி விழுந்தாற்போலச் சலசலத்தல், கடற்பறவை வட்டமிட்டு வீழ்தல், இரவிலே நீர் ஒளிர்ந்து கீறுதல் என்பவற்றால் மீன்திரளைக் கண்டு கரைவலைக்குச் சைகை காட்டும் முதியோர் முல்லைத்தீவுக் கரையிலே இருந்தனர். தந்தையோடு படகேறிய மகன் அவற்றை நூலின்றிக் கற்றான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2009இல் முடிந்த போரும் அக்கரையிலே யாரை யாரைக் கொண்டுபோயின என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முகாமிலே வளர்ந்து பின்னர் கடலுக்குச் சென்ற இளைஞர்க்குத் திரையே பாட்டனாரும் ஆயிற்று. உரை என்னும் அளவை அறுந்தவிடத்திலே கருதல் ஒன்றே துணை. அதனால்தான் கருதலைப் பழுதறக் கற்பித்தல் வேண்டுமென்கின்றோம்.

திரையிலும் ஓர் உரைகாரர் இருக்கின்றார் என்பது வியப்பு. புதிய மீன்காட்டிகள் பலவற்றில், எதிரொலிக் கறையை அழித்துவிட்டு, அவ்விடத்திலே வாலும் செதிலுமுள்ள மீனின் சிறு படத்தை யந்திரமே வரைந்துகாட்டும் ஏற்பாடு உண்டு. அருகே ஆழமும் எழுதும். பழகாதவர்க்கு இது பெருவிருந்து. ஆயின் குமிழிக்கும் மரக்கிளைக்கும் சொறி என்னும் இழுதுமீனுக்கும் அது அதே படத்தை வரையும். மூலபாடத்தை நீக்கிவிட்டு உரையை மட்டும் அச்சிட்ட நூலுக்கு இது ஒப்பு. மாணாக்கர் மூலத்தைப் படியாது குறிப்புரையை மனனஞ்செய்து பரீட்சைக்குப் போவதை நாம் இருபது ஆண்டுக்கு மேலாகக் கண்டுவருகின்றோம். கடலிலும் அது புகுந்துவிட்டமை கண்டு நகைப்பதா இரங்குவதா என்று தெரியவில்லை. படம் வரையும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, கறையையே கறையாகப் பார்த்துப் பழகுக என்று நம் பழைய மாணவரும் தம் தோழர்க்குச் சொல்லிவருகின்றார்.

மாரிகாலத்திலே இக்கடலின் குறிகள் பின்னும் குழம்பும். கார்த்திகை, மார்கழி மழையால் ஆறுகளும் களப்புகளும் பெருகி, நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும் கடலோடு வாய் திறந்துகொள்ளும். உவர் குறைந்த கலங்கல் நீர், கனத்த உப்புநீரின்மேல் அடுக்காகப் படிந்து கிடக்கும். இரண்டும் சந்திக்கும் மட்டத்திலே நுண்ணுயிரும் தூசும் தேங்குவதால், ஒரு மெல்லிய நெடுங்கோடு திரையின் குறுக்கே ஓடும். மணிக்கணக்காக ஆழம் மாறாது, படகு எங்கே போனாலும் உடன்வரும் கோடு அநேகமாக நீரடுக்கு. இழுவைமடி தரையைக் கிழித்துச் சென்ற இடத்திலும், கலங்கிய சேறு தரைக்குமேல் மங்கலாகத் தெரிவதுண்டு. அம்மடிமுறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது. தடுத்தபின்னும் இரவிலே எல்லை கடந்து வரும் இழுவைப் படகுகள் பற்றிய வழக்குத் தனிக் கட்டுரைக்குரியது.

ஒலியால் நீருலகை அறிதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. மட்டக்களப்பு வாவியிலே நிலவுடைய இரவில் துடுப்பை நீரிலிட்டு மறுமுனையைச் செவியிலே வைத்தால் இன்னோசை கேட்கும் என்பது பழஞ்செய்தி. எமேசன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிலே அதனை எழுதினார். ஊரி முதலிய சங்கின உயிர்களே காரணமாகலாம் என்றும் கருதினார். மக்களோ பாடும்மீன் என்றனர். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவரும், 1947இல் யாழ் நூலை வெளியிட்டவருமாகிய விபுலானந்த அடிகள் அவ்வோசையிலே நீரரமகளிரின் இசையைக் கேட்டார். ஓர் ஓசை, மூன்று துணிபு. மலாயாக் கரையிலே, நீருள் மூழ்கித் தலையைத் தாழ்த்தி, மீன்திரள் எழுப்பும் அரவத்தைக் கேட்டு, இன்ன மீன், இன்ன திசை என்று படகோட்டிக்குக் கூறும் மூழ்காளிகள் இருந்தனர். மீன்காட்டி தான் எழுப்பிய ஒலியின் மறுமொழியைக் கேட்கின்றது. அவர்கள் மீன் தானாக எழுப்பிய ஒலியைக் கேட்டனர். எதனை உயர்ந்த கலையென்பது என்று நம்மை வினவினால், நம் மனம் மூழ்காளியின் பக்கமே சாய்கின்றது.

எஞ்சியிருப்பது வெறுந்திரை. திரையிலே ஒன்றுமில்லையாயின் நீரிலே ஒன்றுமில்லை எனலாமா? ஏதுக்களைச் சித்தியார் இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக வகுக்கின்றது. அநுபலத்தி என்பது காணாமையால் இன்மையைத் துணிதல். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருந்தாற் காணப்பட்டிருக்கக் கூடியதாயிருந்தும் காணப்படாமை வேண்டும். விளக்கேற்றிய அறையிலே குடத்தைக் காணாதவன் குடமில்லை எனலாம். இருளறையிலே காணாதவன் அவ்வாறு சொல்லலாகாது. கடலிலே விலைபோகும் மீன்களுள் முதன்மையான அறுக்குளாவுக்குக் காற்றுப்பை இல்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் இல்லை. அவற்றின் எதிரொலி மெலிது. பெரிய அறுக்குளா ஒன்று படகின்கீழ் சென்றாலும், கைவிரலளவான சூடைமீன்களின் கூட்டம் எழுப்பும் கறையில் ஒரு சிறுபங்கும் அது எழுப்பாது போகலாம். தரையோடு ஒட்டிக்கிடக்கும் திருக்கைக்கு இன்னொரு மறைவும் உண்டு: தரையின் வலிய எதிரொலியோடு அதன் மெல்லிய எதிரொலி கலந்து ஒன்றாகிவிடும். ஒலித்துடிப்பின் நீட்சி செக்கனில் ஆயிரத்தில் ஒரு கூறாயின், தரைக்குமேல் முக்கால் மீற்றர்வரை உள்ளவை தரையினின்று பிரித்தறியப்படா.

சூடைக்கறை அடர்ந்து, அதன் ஓரம் திடீரெனக் கிழிந்து, கூட்டம் இரண்டாகப் பிளந்து கீழே பாய்வதைத் திரையிலே கண்டால், அதனைத் துரத்தியது எதுவோ அது திரையில் இல்லை. அறுக்குளாவைத் தேடுவோர் அந்தப் பிளவின் வெறுமையிலேயே தூண்டிலை விடுகின்றனர்.